ஸ்டீராய்டாலதான் அம்மா உடம்பு கெட்டுச்சுன்னு சொல்லிட்டு திரும்ப ஸ்டீராய்டே எழுதி குடுத்திருக்காங்க, போடலாமா?

அம்பை_பையன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க. அம்மாவுக்கு 57 வயசு, அம்பாசமுத்திரம் பக்கம் ஊர்ல தனியா இருக்காங்க, நான் ஓசூர்ல வேல பாக்குறேன். ரெண்டு மூணு வருஷமாவே அம்மாவுக்கு கைவிரல் மூட்டெல்லாம் வீக்கம், காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு கைய மடக்க முடியாது, காபி டம்ளர ரெண்டு கையாலயும் ஏந்தித்தான் குடிப்பாங்க. வயசானா வர்றதுதானேன்னு நாங்களும் விட்டுட்டோம்.

பக்கத்து தெரு அத்தை ஒருத்தங்க சொல்லி ஒரு மெடிக்கல்ல மாத்திரை வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. சீட்டு கெடையாது, பில் கெடையாது, பேப்பர் பொட்டலத்துல வேளைக்கு மூணு மாத்திரை, ஆரஞ்சு கலர்ல ஒண்ணு, பெரிய வெள்ளை ஒண்ணு, பொட்டு சைஸ்ல சின்ன வெள்ளை ஒண்ணு. ரெண்டே நாள்ல வலி போயிருச்சு. "இன்னைக்கு நானே தேங்கா திருகி சட்னி அரைச்சேம்ல"ன்னு போன்ல சந்தோஷமா சொன்னாங்க. எனக்கும் சந்தோஷம்தான், என்ன மாத்திரைன்னு நான் கேக்கவே இல்ல, அது என் தப்பு.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடிருச்சு. வைகாசில ஒரு கல்யாணத்துக்கு போனப்ப சொந்தக்காரங்க எல்லாம் நல்லா சதை புடிச்சு மொகம் பளபளன்னு இருக்கு மதினின்னு சொன்னாங்க. மொகம் பூரி மாதிரி உப்பி, வயிறு முன்னாடி தள்ளி, ஆனா கையும் காலும் குச்சி. வளையல் லேசா இடிச்சாலே அந்த எடம் நாவப்பழ கலர்ல கன்னிப்போவும். அப்பவும் எனக்கு ஒறைக்கல.

போன மாசம் அந்த கடைக்காரர் வீட்ல ஏதோ விசேஷம்னு பத்து நாள் கடை பூட்டு. மாத்திரை தீந்து நாலாவது நாள் அம்மாவுக்கு வாந்தி, சாப்பாடு எறங்கல, எந்திரிச்சு நிக்க முடியல. சாப்பாடு சேரலன்னு நெனச்சு ஓஆர்எஸ் கரைச்சு குடுத்திருக்காங்க, அடுத்த நாள் காலைல முத்தத்துல மயங்கி விழுந்துட்டாங்க. 108ல போட்டு கொண்டு போனா பிபி மேல உள்ளதே 80தான், ரத்தத்துல உப்பு கொறஞ்சிருக்குன்னாங்க. டூட்டி டாக்டர் அம்மா மொகத்த ஒரு பார்வ பாத்தாங்க, "பாட்டி வலிக்கு பொட்டல மாத்திரை சாப்டீங்களா"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான், ஊசியும் குளுக்கோஸும் போட்டு மறுநாள் காலைல அம்மா எந்திரிச்சு இட்லி கேக்குறாங்க.

இப்ப டிஸ்சார்ஜ் ஆயாச்சு. சீட்டுல வைசோலோன் 10 எம்ஜி தினமும் காலைல, மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள், ஃபோலிக் ஆசிட், கால்சியம், இன்னும் ரெண்டு மூணு இருக்கு. கூகுள் பண்ணா வைசோலோன்னா அதே ஸ்டீராய்டாம்! எந்த மருந்து கெடுத்துச்சோ அதையே திரும்ப குடுத்தா எப்படி? டாக்டர் ரூம்ல கூட்டம், சரியா கேக்க முடியல. பெரியப்பா எல்லாத்தையும் தூக்கி போடுங்கிறாரு. போடலாமா வேணாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இயற்கை_வழி_77:

நண்பரே, இங்கிலீஷ் மருந்து எல்லாமே விஷம், இதுக்குத்தான் தலபாடா அடிச்சிக்கிறோம். எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்துங்க. முடக்கத்தான் தோசை, அதிமதுரம் போட்ட கஷாயம் 48 நாள். எனக்கு தெரிஞ்ச எடத்துல மூட்டுவலிக்கு ஒரு பொடி இருக்கு, மூணே நாள்ல நடக்க வைக்கும், வேணும்னா இன்பாக்ஸ் வாங்க.

மருந்துக்கடை_அண்ணாச்சி:

தம்பி அம்பை_பையன், மேல உள்ளத கேட்டு எதையும் நிறுத்திராதீங்க, நிறுத்தினா திரும்ப 108தான். நான் பார்மசிஸ்ட், 22 வருஷமா கவுண்டர்ல நிக்கிறேன், டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன்.

அந்த பொட்டு சைஸ் வெள்ளை பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் 0.5 எம்ஜியா இருக்கும். பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா டெக்ஸா 0.75 எம்ஜி பிரெட்னிசலோன் 5 எம்ஜிக்கு சமம். வேளைக்கு ஒண்ணுன்னு நாளுக்கு மூணு போட்டிருந்தா 1.5 எம்ஜி, அதாவது பிரெட்னிசலோன் கணக்குல 10 எம்ஜி, அதுவும் ஒன்றரை வருஷம். வைசோலோன்ங்கிறது பிரெட்னிசலோனோட ஒரு பிராண்டு பேரு. இப்ப டாக்டர் எழுதியிருக்கிற 10 எம்ஜி எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியுதா?

நம்ம ரெண்டு கிட்னிக்கும் மேல தொப்பி மாதிரி அட்ரீனல்னு ஒரு சுரப்பி இருக்கு. அது தினமும் கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் சுரக்கும், விடியக்காலைல அதிகமா, ராத்திரி கம்மியா. அது இல்லாட்டி பிபி நிக்காது, காய்ச்சல் கீய்ச்சல் வந்தா உடம்பு தாங்காது. ஒடம்பு தானா சுரக்கிறது ஏறக்குறைய பிரெட்னிசலோன் 5 எம்ஜி அளவுதான். வெளியேர்ந்து மாத்திரையா தினமும் போனா, வீட்டுக்கு தெனம் தண்ணி லாரி வந்தா நாம மோட்டார் போடுறதையே மறந்துருவோம்ல, அது மாதிரி சுரப்பி படுத்துரும். மோட்டார் ஜாம் ஆகி கெடக்கும்போது ஒரு நாள் லாரியும் வரலன்னா? அதான் உங்கம்மாவுக்கு நாலாவது நாள் நடந்தது. அம்மா விழுந்தது ஸ்டீராய்டு போட்டதால மட்டும் இல்ல தம்பி, திடீர்னு நின்னதால.

அதனால மோட்டார் திரும்ப ஓடுற வரைக்கும் லாரி வரணும், ஆனா கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுக்கிட்டே. 10லேர்ந்து 7.5, அப்புறம் 5, அதுக்கு கீழ ரொம்ப மெதுவா, மாசத்துக்கு 1 எம்ஜின்னு எறக்குவாங்க, ஆளுக்கு ஆள் மாறும், உங்க டாக்டர் சொல்ற கணக்குதான் கணக்கு. நடுவுல ஒரு நாள் காலைல ரத்தத்துல கார்ட்டிசால் எவ்வளவுன்னு பாப்பாங்க. அன்னைக்கு மாத்திரை போடாம போய் ரத்தம் குடுத்துட்டு அப்புறம் போடணும், லேப்காரங்க சொல்ல மறந்துருவாங்க நீங்க கேட்டுக்கோங்க. சிலருக்கு சுரப்பி முழிக்க ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகும். 5 நாள், 7 நாள் கோர்ஸ் போடுறவங்களுக்கு இந்த பிரச்சனை பொதுவா கெடையாது, ஆஸ்துமா ஜாஸ்தியாகி 40 எம்ஜி அஞ்சு நாள் குடுப்பாங்க, அத அப்படியே நிறுத்தலாம். மூணு வாரத்த தாண்டிட்டா கத வேற.

ஸ்டீராய்டுன்னாலே திட்டுறாங்கல்ல, ஒரு விஷயம் சொல்றேன். 1948 செப்டம்பர்ல அமெரிக்கால மேயோ கிளினிக்ல, உங்கம்மாவுக்கு இருக்கிற மாதிரி முடக்குவாதத்துல படுக்கைல கெடந்த ஒரு பொண்ணுக்குத்தான் மொத மொதல்ல கார்ட்டிசோன் ஊசி போட்டாங்க, சில நாள்ல அந்தம்மா எந்திரிச்சு நடந்துட்டாங்க. 1950ல அதுக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. அந்த பொட்டலம் ஏன் ரெண்டு நாள்ல கேட்டுச்சுன்னு இப்ப தெரியுதா, மருந்து பொய் இல்ல. ஆனா அது வீக்கத்த அமுக்குமே தவிர முடக்குவாதத்த அடியோட நிறுத்தாது. அந்த வேலைக்குத்தான் மெத்தோட்ரெக்சேட், அது புடிக்க ஒரு ஆறு வாரத்துலேர்ந்து மூணு மாசம் ஆகும், அது வரைக்கும் வலி தாங்கவும் பாலமா இந்த பிரெட்னிசலோன் உதவும்.

இப்ப நான் சொல்றத பெருசா எழுதி செவுத்துல ஒட்டுங்க. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் இல்ல. வயசானவங்க மறந்து தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணு கொறஞ்சு ஆபத்தாகி வந்த கேஸ் நான் பாத்திருக்கேன். காலண்டர்ல ஒரு கெழமைய வட்டம் போட்டு, அந்த மாத்திரைய தனி டப்பால வைங்க. ஃபோலிக் ஆசிட் எந்த நாள்னும் கேட்டுக்கோங்க.

வைசோலோன் காலைல டிபன் சாப்ட்டு ஒடனே, சாயங்காலம் போட்டா ராத்திரி கொட்ட கொட்ட முழிச்சிருப்பாங்க. கூட வேற வலி மாத்திரை வாங்கி போடாதீங்க, ரெண்டும் சேந்தா வயித்துல புண்ணு. அப்புறம் அதிமதுரம் வேண்டவே வேணாம், அது நல்ல பொருள்தான், ஆனா ஸ்டீராய்டோட சேந்தா பிபி ஏறும், பொட்டாசியம் எறங்கும். சுகரும் பாருங்க, இதுல ஒரு ஏமாத்து இருக்கு, காலைல வெறும் வயித்துல பாத்தா நார்மலா காட்டும், மத்தியான சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தாதான் வண்டவாளம் தெரியும். ஒன்றரை வருஷம் ஆனதால எலும்பு அடர்த்தி டெஸ்ட், கண்ணுல புரையும் பிரஷரும் பாக்கணுமான்னு கேளுங்க.

இயற்கை_வழி சார், உங்க பொடி மூணு நாள்ல நடக்க வைக்கும்னா எனக்கு சந்தேகமே வருது. முறையா படிச்ச சித்த மருத்துவர் யாரும் மூணு நாள் கணக்கு சொல்ல மாட்டாரு. பேரு ஊரு லைசென்ஸ் இல்லாத பொடிய லேப்ல பாத்தா உள்ள டெக்ஸா இருந்த சம்பவம் நெறைய உண்டு.

இயற்கை_வழி_77:

நான் சொல்ற பொடில அதெல்லாம் கெடையாது. விருப்பம் இருந்தா வாங்க இல்லாட்டி விடுங்க.

புலிக்குட்டி_அம்மா:

தம்பி நான் ஒரு அம்மாவா சொல்றேன். என் பையனுக்கு மூணு வயசுல நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். ஒரு நாள் காலைல கண்ணு ரெண்டும் வீங்கி முழிக்கவே முடியல, பூச்சி கடிச்சிருக்கும்னு நெனச்சோம், அப்புறம் காலு, வயிறு. கிட்னி வழியா புரோட்டீன் எல்லாம் ஒண்ணுக்குல போவுதுன்னாங்க. மருந்து என்னன்னா பிரெட்னிசலோன்! எடைக்கு கணக்கு பண்ணி கிலோவுக்கு 2 எம்ஜி, ஆறு வாரம் தினமும், அப்புறம் கொறைச்சு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு வாரம். பதிமூணு கிலோ புள்ளைக்கு 26 எம்ஜி, உங்கம்மா டோஸ விட ரெண்டரை மடங்கு, நான் ஆஸ்பத்திரி வராண்டாலயே உக்காந்து அழுதுட்டேன்.

ஆனா பத்தாவது நாள் ஒண்ணுக்குல புரோட்டீன் நின்னுச்சு. வீட்லயே பாக்க சொல்லி குடுத்தாங்க, காலை மொத ஒண்ணுக்க டெஸ்ட்டியூப்ல புடிச்சு மேல் பகுதிய மட்டும் சூடு காட்டணும், புரோட்டீன் இருந்தா முட்ட வெள்ளைக்கரு வேகுற மாதிரி வெள்ளையா திரியும். இப்ப ஸ்டிரிப் வந்துருச்சு, நான் இன்னும் நோட்டுல எழுதி வைக்கிறேன், நாலு வருஷ நோட்டு இருக்கு, இல்ல, லேசா, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. தொடர்ந்து மூணு நாள் மூணு வந்தா திரும்பிருச்சுன்னு அர்த்தம், ஒடனே டாக்டருக்கு போன். ரெண்டு தடவ திரும்பி வந்துச்சு, ரெண்டு தடவையும் சளி புடிச்ச அடுத்த வாரம்.

பக்கவிளைவு இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பசின்னா அப்படி ஒரு பசி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் தொறக்குற சத்தம் கேக்கும், போய் பாத்தா மாவு சட்டில கைய விட்டுட்டு நிக்கிறான். எட்டு இட்லி. கோவம் வந்தா பொம்மைய செவுத்துல அடிப்பான், அஞ்சு நிமிஷத்துல மடில வந்து படுத்து அழுவான், அது புள்ள இல்ல மாத்திரைன்னு புரிஞ்சிக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. கன்னம் ரெண்டும் பன்னு, முதுகுல முடி. ஊர்ல எல்லாரும் கொழுகொழுன்னு இருக்கான்னு கிள்ளுவாங்க, உங்க மதினி கதைய படிச்சப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. மாத்திரை கொறைஞ்ச மூணு நாலு மாசத்துல மொகம் பழையபடி ஆயிருச்சு. உயரம் மட்டும் ஒவ்வொரு விசிட்லயும் அளந்து கிராஃப்ல போடுறாங்க, ரொம்ப நாள் போட்டா வளர்த்தி கொறையுமாம்.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும், அம்மை. ஹை டோஸ்ல இருந்தப்ப என் நாத்தனார் வீட்டுக்கு போயிட்டு வந்தோம், ரெண்டு நாள் கழிச்சு அங்க ஒரு புள்ளைக்கு அம்மை போட்ருக்குன்னு போன். எங்க மாமியார் ஆஸ்பத்திரி கூட்டிட்டு போவக்கூடாது, ஆத்தா கோவிச்சுக்கும், வேப்பிலை கட்டுன்னாங்க. வேப்பிலையும் கட்றேன் அத்தைன்னு சொல்லிட்டு அன்னைக்கே பஸ் ஏறிட்டேன். நல்லவேள வந்தீங்க, ஸ்டீராய்டு போடுற புள்ளைக்கு அம்மை வந்தா நுரையீரல் வரைக்கும் போயிரும்னு டாக்டர் சொல்லி அதுக்கு மருந்து குடுத்தாங்க. உங்கம்மாவையும் அம்மை, அக்கி போட்ட வீட்டுக்கு அனுப்பாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா டிபி டெஸ்ட்டும் பாத்துருங்க.

ஒத்தக்கால்_தவம்:

நான் வேற கேஸ் ப்ரோ. 2021 கொரோனா ரெண்டாவது அலைல வீட்லயே இருந்தேன், ஆக்சிஜன் 97, மூச்சு திணறல் எதுவும் இல்ல. வாட்ஸ்அப்ல யாரோ போட்ட பிரிஸ்கிரிப்ஷன பாத்து மெட்ரால்னு ஒரு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி போட்டேன், பயத்துல ஒரு மாசத்துக்கு மேல. 2020லயே இங்கிலாந்துல ரெக்கவரின்னு பெரிய ஆராய்ச்சி பண்ணி தெளிவா சொல்லிட்டாங்க, டெக்ஸா தினம் 6 எம்ஜி பத்து நாள் வரைக்கும், ஆக்சிஜன் வைக்கிற நெலமைல உள்ளவங்களுக்கும் வெண்டிலேட்டர்ல உள்ளவங்களுக்கும்தான் உயிர் காக்கும், ஆக்சிஜன் தேவப்படாதவங்களுக்கு பலன் இல்லன்னு. எனக்கு அதெல்லாம் அப்பறம்தான் தெரியும். அந்த சமயத்துல சுகர் எகிறி கருப்பு பூஞ்சை வந்து கண்ணு போனவங்கள பாத்தா நான் தப்பிச்சேன்னுதான் சொல்லணும்.

முழுசா தப்பிக்கல. எட்டு மாசம் கழிச்சு தொடை இடுக்குல வலி, பைக்ல கால தூக்கி போட முடியல, சம்மணம் போட்டு உக்கார முடியல. எக்ஸ்ரே நார்மல்னாங்க, வாயுவா இருக்கும்னு ரெண்டு மாசம் தைலம் தேச்சேன். எம்ஆர்ஐ எடுத்தாதான் தெரிஞ்சுது, இடுப்பு பந்து எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பு செத்துக்கிட்டு இருக்கு, ஏவிஎன்னு சொல்றாங்க. ஒரு பக்கம் தொளை போட்டு பாத்தாங்க, நிக்கல, 34 வயசுல ஒரு இடுப்பு மாத்தியாச்சு. கொரோனாவாலயும் வரலாம், ஸ்டீராய்டாலயும் வரலாம், பிரிச்சு சொல்ல முடியாதுன்னாரு டாக்டர். அம்மாவுக்கு தொடை இடுக்குலயோ இடுப்புலயோ புதுசா வலி வந்தா மூட்டுவாதம்தானேன்னு விட்றாதீங்க, அதுக்குத்தான் எழுதுறேன்.

ஜிம்ல போடுற ஸ்டீராய்டு வேறன்னு யாரும் சொல்லல, அது ஆம்பள ஹார்மோன் வகை, சதை ஏத்தும். இது சதைய கரைக்கும். தரைல உக்காந்து எந்திரிக்க அம்மா கைய ஊனுறாங்களான்னு பாருங்க.

அம்பை_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணாச்சி சொன்ன லாரி மோட்டார் கதைய அப்படியே பெரியப்பாகிட்ட சொன்னேன், அவரு வீட்லயே மோட்டார் ஜாம் ஆகி கெடக்குது, ஒடனே புரிஞ்சிருச்சு. நேத்து ஊருக்கு வந்து அம்மாவ கூட்டிட்டு திரும்ப டாக்டர்கிட்ட போனேன், இந்த தடவ கேள்விய பேப்பர்ல எழுதிட்டு போனேன். பத்து நிமிஷம் உக்கார வச்சு பேசினாங்க. அஞ்சு வாரம் 10, அப்புறம் 7.5, மூணு மாசம் கழிச்சு காலை கார்ட்டிசால். காய்ச்சல் வந்தா டோஸ் ரெண்டு மடங்கு ஆக்கணும், வாந்தி எடுத்து மாத்திரை வயித்துல நிக்கலன்னா வீட்ல காத்திருக்காம ஊசி போட வரணும்னு சீட்டு பின்னாடி தமிழ்லயே எழுதி குடுத்தாங்க. அத லேமினேட் பண்ணி அம்மா பர்ஸ்ல வச்சாச்சு. மெத்தோட்ரெக்சேட் செவ்வாக்கெழம, அம்மன் கோயில் போற நாள்னா மறக்காதுன்னு அம்மாவே சொன்னாங்க. மத்தியானம் சாப்ட்டு சுகர் பாத்தேன், 231. காலைல 104தான் இருந்துச்சு, அண்ணாச்சி சொன்னது அப்படியே.

ராத்திரி அரிசி எடுக்க டிரம்ம தொறந்தா உள்ள ஒரு பொட்டலம். கடை தொறந்ததும் போய் வாங்கியிருக்காங்க, "அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னு வச்சேன்"னு தலைய குனிஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு கோவமும் வரல, என்ன சொல்றதுன்னும் தெரியல.

இன்னொரு சந்தேகம் அண்ணாச்சி, அம்மாவுக்கு கடவாப்பல் ஒண்ணு ஆடுது, அடுத்த வாரம் புடுங்கலாம்னு இருந்தோம். இந்த மாத்திரை போடும்போது புடுங்கலாமா?

மருந்துக்கடை_அண்ணாச்சி:

புடுங்கலாம், ஆனா முன்னாடியே பல் டாக்டர்கிட்ட ஸ்டீராய்டு ஒன்றரை வருஷம் போட்டது, இப்ப 10 எம்ஜி போடுறது, மெத்தோட்ரெக்சேட் போடுறது எல்லாத்தையும் சொல்லிருங்க. அன்னைக்கு டோஸ் ஏத்தணுமான்னு உங்க டாக்டருக்கு ஒரு போன் போட்டு கேட்டுக்கோங்க, காலை மாத்திரைய மட்டும் எந்த காரணத்துக்கும் விடாம போட்டுட்டு போங்க. எலும்புக்குன்னு ஊசியோ வாரம் ஒரு தடவ மாத்திரையோ ஆரம்பிக்கப்போறாங்கன்னா பல்லு வேலைய அதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க.

அந்த பொட்டலத்த தூக்கி போடாதீங்க, அடுத்த விசிட்டுக்கு எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.